நுகர்வோர் கேள்வி–பதில்: சூட்டுக்கோல் வாங்கப் போகிறவர்களுக்கு

மரப்பலகையில் சூட்டுக்கோல் என்ற மின்கருவியின் சூடான உலோக முனையால் படம் வரையும் பைரோகிராஃபி பற்றி வந்த கடிதங்களை இந்த வாரம் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: ஓய்வுக்குப் பின் இந்தக் கலையைத் தொடங்க விரும்புகிறேன். இணையத்தில் 110 பொருள்கள் அடங்கிய பெட்டி ஒன்று 1,600 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஏறக்குறைய அதே விலையில் ஐந்து முனைகள் மட்டும் உள்ள கருவியும் இருக்கிறது. எது லாபம்? (ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: ஐந்து முனைகள் உள்ளதை வாங்குங்கள். அந்த 110 என்ற எண்ணோடு எனக்குப் பழைய பகை உண்டு என்பதால் பதில் சற்று நீளும். பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்தால் வண்ணப் பென்சில் ஒவ்வொன்றும் ஒரு பொருளாகவும், அதைச் சீவும் துருவி இன்னொரு பொருளாகவும், அழிப்பான், கார்பன் தாள், அச்சுத்தாள், எல்லாவற்றையும் போட்டு மூடும் பை வரை தனித்தனிப் பொருள்களாகவும் கணக்கில் ஏறியிருக்கும். முனைகளிலும் பெரும்பகுதி பூ, நட்சத்திரம், இதயம் என்று முத்திரை குத்துபவை. அவற்றை மரத்தில் அழுத்தினால் ஒரு பக்கம் கருகும், மறு பக்கம் பதியாது. அப்படிப்பட்ட பெட்டி ஒன்று என் மேசை இழுப்பறையிலும் இருக்கிறது. அதில் வந்த ஆங்கில எழுத்து முத்திரைகள் இன்றும் பளபளப்புக் குலையாமல் கிடக்கின்றன. தமிழில் பெயர்ப்பலகை எழுத நினைத்தவனுக்கு அவற்றால் என்ன பயன்?

உங்கள் பணம் போய்ச் சேர வேண்டிய இடம் வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு. அது இல்லாத கருவி ஒரே சூட்டில் நிற்கும் என்பதால், இதழின் மெல்லிய நிழலுக்கும் தண்டின் அழுத்தமான கோட்டுக்கும் கையின் வேகத்தை மட்டுமே நம்பவேண்டி வரும். புதிய கைக்கு அது எளிதில் வராது. கோடு இழுக்க உளி போன்ற முனை, நிழல் தீட்டத் தட்டையான முனை, புள்ளி வைக்க உருண்டை முனை, நுண்வேலைக்கு ஊசிமுனை ஆகியவை இருந்தால் தொடக்கத்திற்குப் போதும். இவற்றோடு, சூடான கருவியைச் சாய்த்து வைக்க உறுதியான தாங்கியும், பூமி இணைப்புள்ள மூன்று முள் பிளக்கும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பித்தளை முனையைத் திருகிப் பொருத்தும் கருவி சூடேறச் சில நிமிடங்கள் எடுக்கும். மெல்லிய நிக்ரோம் (நிக்கல்–குரோமியம் கலப்பு உலோகம்) கம்பியே முனையாக அமைந்த கருவி சில நொடிகளில் சூடேறும், முனைக்கு அருகிலேயே விரல்களால் பிடிக்கவும் முடியும், ஆனால் விலை பல மடங்கு. ஆறு மாதம் கழித்தும் ஆர்வம் குன்றாமல் இருந்தால் அதை வாங்கலாம்.

கேள்வி: வீட்டில் மின்கம்பிகளைப் பற்றவைக்கும் பழைய சால்டரிங் அயர்ன் இருக்கிறது. அதையே பயன்படுத்தினால் செலவு மிச்சமாகுமா? (கல்லூரி மாணவர், ஈரோடு)

பதில்: பழைய முனையோடு வேண்டாம். பற்றவைக்கும் ஈயம் அதில் ஒட்டியிருக்கும். அது மரத்திலும் படியும், புகையோடும் கலக்கும். சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் மின்சாதனக் கடையிலோ 25 அல்லது 30 வாட் அயர்ன் ஒன்றைப் புதிதாக வாங்கி, அதை மரத்திற்கு மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள். கோடு சற்றுத் தடிமனாக விழும் என்றாலும், இந்தப் பொழுதுபோக்கு உங்களுக்கு ஒத்துவருமா என்று அறிய அதுவே மலிவான வழி.

கேள்வி: இணையத்தில் வாங்கிய கருவியில் இரண்டாவது நாளே முனை கழுத்தோடு முறிந்து, மரைப்பகுதி உள்ளேயே சிக்கிக்கொண்டது. முனை தேய்மானப் பொருள், அதற்கு உத்தரவாதம் இல்லை என்கிறார் விற்பனையாளர். (இல்லத்தரசி, திண்டுக்கல்)

பதில்: அவர் சொல்வதை ஏற்க வேண்டியதில்லை. தேய்வது வேறு, முறிவது வேறு. நீங்கள் அனுப்பிய படத்தில் முறிந்த இடம் மணல் மணலாக, நுண்துளைகளோடு தெரிகிறது. வார்ப்பில் குறை இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். குறையுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்குப் படங்களோடு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்திற்குள் அவர் அதைப் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்ய வேண்டும், ஒரு மாதத்திற்குள் தீர்வு தர வேண்டும். நகராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது: ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுகள் வரை அவகாசமும் உண்டு. தொகை சிறியது என்று விட்டுவிடாதீர்கள். நீங்கள் விட்டுவிடுவீர்கள் என்ற நம்பிக்கையில்தான் அந்தப் பதிலை எழுதி வைத்திருக்கிறார்கள்.

மாற்றுக் கருவி வந்ததும், முனையைக் கருவி நன்றாக ஆறிய பின்பே கழற்றுங்கள். பொருத்தும்போது குறட்டால் முறுக்க வேண்டாம்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து என் அண்ணன் வாங்கி வந்த கருவியைச் செருகியவுடன் புகைந்து அணைந்துவிட்டது. அந்த நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க முடியுமா? (மதுரை)

பதில்: முடியாது. கருவியின் மேலேயே 120 வோல்ட் என்று அச்சிட்டிருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதில் செருகினால் 30 வாட் கருவி நூறு வாட்டுக்கு மேல் இழுக்கும். படித்த பிறகும் ஏன் செருகினீர்கள்?

கேள்வி: 'மரப் பலகை' என்று வாங்கிய வட்டத் துண்டுகளில் வரையும்போது கண் எரிகிறது, தலை வலிக்கிறது. இதற்கு எந்த மரம் நல்லது? (பொறியாளர், கோவை)

பதில்: அநேகமாக அது மரமே அல்ல. துண்டின் ஓரத்தைப் பாருங்கள். ரேகை எதுவும் இல்லாமல், பிஸ்கட்டை உடைத்ததுபோல ஒரே சீராக இருந்தால் அது எம்.டி.எஃப். மர நாரைப் பிசினால் இறுக்கிச் செய்த அட்டை அது; சுட்டால் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு வெளிவரும். மரம் என்று சொல்லி அதை விற்றிருந்தால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள், தயங்க வேண்டாம். பிளைவுட்டின் பசை, வார்னிஷ் பூசிய பலகை, பெயின்ட் அடித்த பழைய கதவு ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கைதான். சுட்ட பிறகுதான் மெருகு பூச வேண்டும்.

வெளிர்நிறமும் நெருக்கமான ரேகையும் கொண்ட மரமே இதற்கு ஏற்றது. குமிழ், ரப்பர் மரம் ஆகியவற்றின் கழிவுத் துண்டுகளை நாற்காலி செய்யும் பட்டறைகளில் மிகக் குறைந்த விலைக்குக் கேட்டு வாங்கலாம். தேக்கின் நிறத்தில் உங்கள் கோடு எடுபடாது. பைன் மரத்தில் வெளிறிய ரேகை சட்டென்று கருகும், அடுத்த கருத்த ரேகை சூட்டை எதிர்த்து நிற்கும், இடையில் பிசின் கொப்பளிக்கும். சரக்குப் பெட்டியின் பைன் பலகையை எடுப்பவர்கள் அதிலுள்ள முத்திரையைப் பார்க்க வேண்டும்: 'எச்.டி.' என்றிருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, 'எம்.பி.' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு செலுத்தியது. இரண்டாவதைத் தொடாதீர்கள்.

பலகையை உப்புத்தாளால் 220-ஆம் எண் வரை தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் எழும் நாரை மீண்டும் தேய்த்துவிட்டு வரையுங்கள். சிறு மின்விசிறியை உங்கள் பக்கமிருந்து வீச விடாமல், புகையை மறுபுறம் இழுக்கும்படி வையுங்கள். முனையின் மேல் காற்று அடித்தால் சூடு குறையும்.

கேள்வி: மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மரைக் கொண்டு மரத்தில் மின்னல் வடிவம் வரவழைக்கும் காணொலி பார்த்தேன். அதற்கான பாகங்கள் எங்கே கிடைக்கும்? (திருப்பூர்)

பதில்: சொல்ல மாட்டேன். அதில் ஏறத்தாழ 2,000 வோல்ட் பாய்கிறது. இதைச் செய்து பலர் இறந்திருக்கிறார்கள். அமெரிக்க மரக்கடைசலாளர் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் இதற்குத் தடை விதித்திருக்கிறது.

கேள்வி: கண்காட்சியில் 900 ரூபாய்க்கு வாங்கிய கருவி வேலை செய்யவில்லை. ரசீது இல்லை, கடையின் பெயரும் நினைவில்லை. (சேலம்)

பதில்: பிறகு யாரிடம் கேட்பது?

கேள்வி: 'ஆயுள் முழுதும் மங்காது' என்று சொல்லி 3,500 ரூபாய்க்கு விற்ற சூட்டெழுத்துப் பெயர்ப்பலகை, வாசலில் மாட்டி எட்டு மாதத்தில் மங்கிவிட்டது. விற்றவர் வெயில்தான் காரணம் என்கிறார். (செவிலியர், திருநெல்வேலி)

பதில்: காரணம் வெயில்தான், ஆனால் வாசற்பலகை வெயிலில்தான் இருக்கும் என்பது விற்றவருக்குத் தெரியாததல்ல. புற ஊதாக் கதிரில் சுட்ட கோடுகள் வெளிறும், மரம் கறுக்கும், இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு மறையும். நிறைவேற்ற முடியாத வாக்குறுதியைச் சொல்லி விற்பது முறையற்ற வணிகம். அந்த வாக்குறுதி வாட்ஸ்ஆப் உரையாடலில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படமெடுத்து ரசீதோடு சேர்த்து, பணத்தைத் திரும்பத் தரவோ புதிதாகச் சுட்டுத் தரவோ கேட்டு ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். புதிதாகச் சுட்டுத் தந்தால், புற ஊதாத் தடுப்புள்ள வார்னிஷைப் பூசித் தரச் சொல்லி, பலகையை நிழல் விழும் பக்கச் சுவரில் மாட்டுங்கள்.