போர் முடிந்த பிறகும் ஊர் திரும்ப முடியாத பட்டாளத்துக்காரர்கள் அந்த நாள்களை எப்படிக் கழித்தார்கள்?

எங்கள் தாத்தா அப்படிக் காத்துக் கிடந்தவர்தான். கோலாலம்பூரில் வீட்டு அஞ்சடியில் (முன்தாழ்வாரத்தில்) உட்கார்ந்து அவர் சொன்னதை வைத்துப் பதில் எழுதுகிறேன்.

ஒரு சின்ன விளக்கம். மலாயாவில் 1945இல் நடந்தது ஜப்பானியர்களின் சரணாகதி; சமாதான ஒப்பந்தம் பல வருஷம் கழித்துத்தான். சட்டத்தில் இரண்டும் வேறு. நடுவில் மாட்டிக்கொண்டவனுக்கு ஒன்றுதான்.

தாத்தா பிரிட்டிஷ் இந்தியப் பட்டாளத்தில் 25ஆவது இந்திய டிவிஷன். 1942இல் பெங்களூரில் திரட்டியது. பர்மாவில் அரக்கான் பக்கம் சண்டை போட்டுவிட்டு மலாயாவைப் பிடிக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள், ஆகஸ்ட் 15 அன்று ஜப்பான் பணிந்துவிட்டது. ஆனாலும் போட்ட திட்டப்படி செப்டம்பர் 9 அன்று மலாயாவின் மோரிப் கடற்கரையில் இறக்கினார்கள். எதிர்த்துச் சுட ஆளில்லை. லாரிகள்தான் சேற்றில் புதைந்து நின்றன. "ஜப்பான்காரன் இருந்திருந்தா அன்னைக்கே எனக்குக் கருமாதி" என்பார். நான்கு நாள் கழித்து, கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளியில் ஜப்பானியத் தளபதி சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் காத்திருப்பு. கப்பல் கிடையாது. முகாம்களில் எலும்பும் தோலுமாகக் கிடந்த போர்க்கைதிகளை முதலில் அனுப்ப வேண்டும். பக்கத்து டிவிஷனையோ ஜாவாவுக்குத் தள்ளிவிட்டார்கள். அடுத்தது நாமா என்று தினமும் பயம். தாத்தாவுக்கு விழுந்த வேலை ஜப்பானியர்களைக் காவல் காப்பது. அவர்களைப் போர்க்கைதி என்று சொல்லாமல் 'சரணடைந்தவர்கள்' என்று தனிப்பெயர் வைத்து, 1947 வரைகூடச் சிலரை இங்கேயே வேலை வாங்கினார்கள். காவல் நின்றவனுக்கும் கப்பல் வரவில்லை, காவலுக்குள் இருந்தவனுக்கும் வரவில்லை.

அதைவிட அவரை வாட்டியது தோட்டங்கள். மோரிப்புக்கு அருகே பந்திங் பக்கம் ரோந்து போனால், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் பெண்கள் கூடிவிடுவார்களாம். அரிசியைக் கண்டு மாதக்கணக்காகி, மரவள்ளிக்கிழங்கிலேயே உயிர் பிடித்திருந்தார்கள். ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டு ஒரே நாளில் வெறும் காகிதமாகிவிட்டது. ஆனால் அவர்கள் கேட்டது சோறு இல்லை. இவர் பர்மாவிலிருந்து வந்தவர் என்று தெரிந்ததும், "சயாமுக்கு ரயில் ரோடு போடப் போன எங்க ஆளுங்களப் பாத்தியா தம்பி?" என்பார்கள். அவர் இருந்த அரக்கான் எங்கே, சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்க ஜப்பான்காரன் போடவைத்த அந்த 415 கிலோமீட்டர் ரயில் பாதை எங்கே! முதல் இரண்டு தடவை "பாக்கலம்மா" என்று உள்ளதைச் சொன்னார். அந்த முகங்களைப் பார்த்த பிறகு, "வந்துக்கிட்டிருக்காங்கம்மா, கப்பல்தான் தாமதம்" என்று சொல்ல ஆரம்பித்தார்.

அதே லயத்தில் நேதாஜி படையில் சேர்ந்திருந்த ஒரு பையனும் இருந்தான். சட்டையைக் கோழிக்கூண்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தான். பர்மாவில் எதிரெதிரே நின்று சுட்டிருக்க வேண்டியவர்கள், ஒரே பீடியை மாற்றி மாற்றிக் குடித்தார்கள். மேலிடத்தில் அவனைப் பற்றித் தாத்தா வாய் திறக்கவில்லை. இதை மட்டும் கொஞ்சம் பெருமையாகவே சொல்வார்.

ரேஷனில் வந்த பால் டின்களில் ஒன்றை அந்த லயத்துப் பதினாறு வயதுப் பெண்ணிடம் கொடுத்திருக்கிறார். அவளுடைய அப்பாவும் சயாமுக்குப் போனவர். 1946 கடைசியில் தாத்தாவை ஊருக்கு அனுப்பினார்கள். புதுக்கோட்டையில் ஒரு வருஷம்தான் இருப்புக் கொண்டது. 1948இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, நேரே பந்திங் போய்ப் பெண் கேட்டார். இந்தியாவும் ஜப்பானும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1952 ஜூன் 9 அன்று. அதற்குள் அவருக்கு இரண்டு பிள்ளைகள்!

அந்தப் பால் டின்னில்தான் பாட்டி கடைசிவரை அரிசி அளந்தார். விளிம்பு நெளிந்து, அடியில் துரு ஏறி, அரிசிச் சாக்குக்குள்ளேயே கிடக்கும். பாட்டியின் அப்பா திரும்பி வரவே இல்லை. வீட்டில் எதற்குச் சண்டை வந்தாலும், அது மீன் குழம்பில் உப்புக் குறைந்ததற்காக இருந்தாலும், பாட்டி கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார்: "வந்துக்கிட்டிருக்காருன்னு சொன்ன வாய்தானே இது?"

தாத்தா எழுந்து அஞ்சடிக்குப் போய்விடுவார்.