மஸ்கி பிடிக்க ஆசைப்படும் தம்பிக்கு

தம்பி, ஸ்காபரோவுக்கு வந்து சில மாதங்களே ஆன நிலையில், இந்தப் பனிக்காலத்தில், ரொறன்ரோவுக்கு வடகிழக்கே உள்ள கவார்த்தா ஏரிகளில் மஸ்கி என்ற பெரிய நன்னீர் வேட்டைமீனைப் பிடிக்கலாமா, எந்தத் தூண்டில் தடி வாங்குவது, அந்த மீன் குழம்புக்கு உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தடியைப் பற்றிக் கடைக்காரர் சொல்லுவார். மற்ற இரண்டுக்கும் இல்லை என்பதே என் பதில்.

கவார்த்தாவில் மஸ்கிக்குரிய பருவம் ஜூன் முதல் சனிக்கிழமை தொடங்கி டிசம்பர் 15இல் முடிந்துவிடுகிறது. ஆகவே பனிக்கட்டியில் துளையிட்டு அமர்பவருக்கு அது உரிய மீன் அன்று. 18 முதல் 64 வயது வரையானவர்களுக்கு மீன்பிடி உரிமம் கட்டாயம் என்பதையும், குறைந்த எண்ணிக்கை மீனையே வைத்துக்கொள்ள விடும் மலிவான கொன்சர்வேசன் உரிமம் எடுத்தவர் பிடித்த மஸ்கியை நீரில் விட்டே ஆகவேண்டும் என்பதையும் நம்மவர்கள் பலர் அறிவதில்லை. அறிந்தவர்களும் வாளியை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டு, அதிகாரி சோதித்தால் நிறத்தைப் பார்த்துத்தான் சோதிக்கிறான் என்பார்கள். நிறவெறி இல்லை என்று நான் சொல்லவில்லை. 2007இல் ஆசிய மீன்பிடிகாரர் தாக்கப்பட்டதை ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழுவே விசாரித்தது. அதனால்தான் தனியாக இரவில் மீன்பிடிக்கப் போகவேண்டாம் என்கிறேன். வாளிக் கணக்குக்கு அது சாட்டு ஆகாது.

இன்னொரு பொறி, மஸ்கியைப் போலவே தோன்றும் நோர்தன் பைக் மீன். அது கவார்த்தாவின் சில ஏரிகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது. பைக் என்று நம்பி மஸ்கியை வெட்டிவிட்டால் அபராதம் உங்கள் தலையில் விழக்கூடும். பைக்கின் கரும்பச்சை உடலில் வெளிர் புள்ளிகள் இருக்கும். மஸ்கியின் வெளிர் உடலில் கரும் கோடுகளோ புள்ளிகளோ இருக்கும், சிலவற்றில் எதுவுமே இராது. ஐயம் வந்தால் கீழ்த்தாடையின் அடியைப் பாருங்கள்: ஒரு பக்கத்தில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட சிறு துளைகள் இருந்தால் அது மஸ்கி.

பெரிய மீனை நாலு வீட்டுக்குப் பங்கு போடுவது நம் ஊர் வழக்கம். இங்கே அது பொருந்தாது. மஸ்கி இருபது ஆண்டுக்கு மேலும் வாழும், பெரிதாக நீண்ட காலம் எடுக்கும், பெண்மீனே மிகப் பெரிதாக வளரும். பெரியதைக் கொன்றால் ஏரியின் தாய்மீனைக் கொன்றவராவோம். தவிர, நீண்ட நாள் வாழும் இந்த வேட்டைமீன்களின் தசையில் பாதரசம் சேர்கிறது. மீனின் பல் நூலை அறுக்காமல் நுனியில் கட்டும் கம்பி லீடரும், நீண்ட குறடும், கொக்கியை வெட்டும் கருவியும், அகன்ற வலையும் இல்லாமல் இதைத் தேடிப் போகாதீர்கள். வெயிலில் சூடேறிய ஏரியில், பிடித்துத் திரும்ப நீரில் விட்ட மீனும் பின்னர் செத்துப்போகக்கூடும் என்பதால் கடுங்கோடையை நான் தவிர்த்துவிடுகிறேன்.

யாழ்ப்பாணத்து மயிலிட்டிக் கடலில் சீலா மீனோடு மல்லுக்கட்டிய எனக்கு, வந்த புதிதில் இந்த ஏரிகள் வெறும் குளங்களாகத் தெரிந்தன. இரவு வேலை முடிந்து தூக்கமில்லாமல் கரையில் நின்ற என்னை, அயலில் இருந்த வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் தம் படகில் ஏற்றிக்கொண்டார். இரை படகருகே வந்ததும் தூக்கிவிடாதே, தடிமுனையை நீருக்குள் வைத்து எட்டு வரைவதுபோல் இழு, மஸ்கி பின்னாலேயே வந்து பார்த்துவிட்டுத் திரும்பும் என்றார். எங்கள் கடலில் சீலா வந்தால் கடிக்கும். இது வரும், கண்ணால் அளந்துவிட்டுப் போகும். நவம்பர்க் குளிரில், விரல் மரத்துப்போன நேரத்தில்தான் ஒன்று அந்த எட்டின் வளைவில் கடித்தது. அவர் ஒரு கையால் அடிவயிற்றைத் தாங்கி, படம்கூட எடுக்காமல் நீரில் விட்டுவிட்டார். எனக்கு அன்று கோபம் வந்தது. இன்று என் மகனுக்கு அதையேதான் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஜூன் வந்தபின் கேளுங்கள். உயிர்காப்பு அங்கியோடு வந்தால் என் படகில் இடமுண்டு.