ஒரே எண் காட்டும் இரண்டு டேக்: எது அசல்?

திரும்பி வந்த இரண்டு பெட்டிகளின் ஆர்எஃப்ஐடி டேக்கிலும் (ரேடியோ அலையால் படிக்கும் சிப் ஒட்டுச்சீட்டு) ரீடர் ஒரே ஈபிசி எண்ணை, அதாவது பொருளை அடையாளம் காட்ட டேக்கில் எழுதும் எண்ணைக் காட்டுகிறது, எது அசல் என்று கேட்டிருந்தீர்கள். ஈபிசியை நம்பாதீர்கள், யாரும் நகலெடுத்து எழுதிவிடலாம். டிஐடி பகுதியை, அதாவது சிப்பின் சொந்த அடையாளம் இருக்கும் நினைவகப் பகுதியைப் படியுங்கள். யுஹெச்எஃப் (மீஉயர் அதிர்வெண்) டேக்கில் சிப் தயாரிப்பாளர் ஆலையிலேயே பதித்துப் பூட்டுவது அது. தயாரிப்பாளர் குறியீடு, சிப் மாடல், பெரும்பாலும் தனி வரிசை எண்ணும் அதில் இருக்கும். டேக் ஒட்டும்போதே ஈபிசியோடு டிஐடியையும் பதிந்து வைத்திருந்தால் உடனே தெரிந்துவிடும். பதியவில்லையா? சரி, சிப் மாடலாவது நீங்கள் வாங்கியதுதானா பாருங்கள். இரண்டுமே போலியாகவும் இருக்கலாம்!

டிஐடியையும் போலியாகக் காட்ட முடியும். அதனால் விலை கூடிய சரக்குக்கு யுஹெச்எஃப் டேக்குகளுக்கான ஜென்2 வி2 தரத்தில், ரீடர் அனுப்பும் சவாலுக்குத் தன் ரகசியச் சாவியால் பதில் கணக்கிட்டுச் சொல்லும் சிப் வாங்குங்கள். ரீடரும் அதற்கு ஒத்துவர வேண்டும். அப்புறம், அசல் டேக்கைப் பிய்த்துப் போலிப் பொருளில் ஒட்டியிருந்தால் இந்தச் சோதனை எதிலும் சிக்காது. உரித்தால் கிழியும் டேக்தான் அதற்கு வழி.