பரோக் இசை: மேலே வயலின் இருக்கட்டும், கீழே கேளுங்கள்

"பரோக் இசை கேட்க ஆசை. ஆனால் எல்லாம் ஒரே ஓட்டமாக ஓடுகிறது, எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், எதில் கேட்கிறீர்கள்? போன் ஸ்பீக்கரிலா? நானும் ஒரு வருஷம் அப்படித்தான் கேட்டு, பாக் என்ற இசையமைப்பாளர் நமக்கு ஒத்துவராது என்று முடிவே கட்டிவிட்டேன். அப்புறம் ஒருநாள் பஸ்ஸில் தம்பியின் ஹெட்போனைப் பிடுங்கி மாட்டியபோதுதான், அடியில் ஒரு செல்லோ, அதாவது வயலினின் பெரிய அண்ணன், நிற்காமல் நடந்துகொண்டிருப்பது காதில் விழுந்தது. போன் ஸ்பீக்கர் அதை அப்படியே விழுங்கியிருந்தது.

அந்த அடிக்குரல்தான் பிடிமானம். சுமார் 1600 முதல் 1750 வரையிலான இந்த ஐரோப்பிய இசையில் அதற்கு பாஸோ கண்டினுவோ என்று பெயர். செல்லோ பேஸ் வரியை வாசிக்க, பியானோ மாதிரிக் கட்டைகளை அழுத்தி வாசிக்கும் ஹார்ப்சிகார்ட் அதன்மேல் கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை, நிரப்பும். இசையமைப்பாளர் எழுதித் தருவது பெரும்பாலும் பேஸ் வரியும் கூடவே சில எண்களும்தான். எண்ணைப் பார்த்து எந்தக் கார்டு என்று தெரிந்துகொண்டு, அதை எப்படி வாசிப்பது என்பதைக் கலைஞர் அங்கேயே முடிவு செய்வார். நம் பக்கவாத்தியக்காரருக்கு இருக்கும் சுதந்திரம் மாதிரி. இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டாரைத் தனியாகக் கேட்டுப் பழகியவர் என்றால் உங்களுக்குப் பாதி வேலை முடிந்தது.

பாகெல்பெலின் கேனனில் தொடங்குங்கள். பேஸில் எட்டே ஸ்வரம்: ஸ ப த க ம ஸ ம ப. இதையே செல்லோ 28 முறை வாசிக்கும், பாவம். மேலே மூன்று வயலின்களும் ஒரே மெட்டை ஒன்றன்பின் ஒன்றாக ஒரு சுற்று தள்ளித் தொடங்கும். கல்யாண வீடியோவில் வரும் இழுவைப் பதிவு வேண்டாம். பழைய வகைக் கருவிகளில் வேகமாக வாசித்ததைத் தேடுங்கள்.

அடுத்தது பர்செல். 1680களில் லண்டனில் எழுதிய 'டைடோ அண்ட் ஈனியஸ்' ஆபராவில், அதாவது பாட்டாலேயே நடக்கும் நாடகத்தில், டைடோ சாவதற்குமுன் பாடும் பாட்டு. பேஸ் மேல் ஸட்ஜத்திலிருந்து பஞ்சமம் வரை அரை அரை ஸ்வரமாக இறங்கும்: ஸ, பெரிய நி, சின்ன நி, பெரிய த, சின்ன த, ப. இரண்டு நிஷாதமும் இரண்டு தைவதமும் இப்படி வரிசையாக வருவது நம் ராகக் காதுக்கு முதலில் உறுத்தும். அந்த உறுத்தல்தான் அங்கே துக்கம். இன்னொன்றையும் கவனியுங்கள்: பேஸ் ஒரு சுற்று முடிந்து ஸட்ஜத்தில் வந்து நிற்கும்போது, பாடுபவர் பல இடங்களில் வரியின் நடுவில் இருப்பார். அவள் முடிக்கும்போது பேஸ் அடுத்த சுற்றில் பாதி இறங்கியிருக்கும். இருவரும் சேர்ந்து மூச்சுவிட மாட்டேன் என்கிறார்கள். இதைக் கண்டுகொண்ட அன்று அந்த நாலு நிமிஷத்தை எத்தனை முறை போட்டேன் என்று கணக்கில்லை.

விவால்டி சுலபம். 1725இல் அச்சான 'நான்கு பருவங்க'ளில் வசந்தத்தின் முதல் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் சேர்ந்து வாசிக்கும் மெட்டு பல்லவி போலத் திரும்பத் திரும்ப வரும், ரிட்டோர்நெல்லோ என்பார்கள். நடுவில் தனி வயலின்கள் பறவையாகக் கூவும், அப்புறம் இடி இடிக்கும். நம் பல்லவியோடு ஒரு வித்தியாசம், இங்கே ஆதார ஸட்ஜமே இடம் மாறும். இடி ஓய்ந்ததும் அதே மெட்டு மைனருக்கு, அதாவது சின்ன காந்தாரம் வரும் சோக ஸ்வர வரிசைக்கு, போய், முகம் வாடினாற்போல வரும்.

ஒலி சட்டென்று கூடிக் குறைவது ஏன் என்றும் தோன்றும். ஹார்ப்சிகார்டில் கட்டையை எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் சத்தம் கூடாது, உள்ளே கம்பியைச் சுண்டுவது ஒரு சின்ன முள். அதனால் அது மெல்ல ஏறி இறங்குவதற்குப் பதில் படிப்படியாகத்தான் மாறும். நீள ஸ்வரம் சீக்கிரம் அடங்கிவிடுவதால் அதைச் சுற்றி ஸ்வரத்தை நடுங்கவைக்கும் அலங்கார வேலை நிறைய.

ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் ஃப்யூகைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அதில் தொடங்கித் தூங்கிப்போனவன். பாக் ஆர்கனுக்கு எழுதிய சின்ன ஜி மைனர் ஃப்யூக் போதும். முதலில் மெட்டு மேல் குரலில் தனியாக வரும், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பிறகு அதற்குக் கீழ்க் குரல், அதற்கும் கீழ் என்று இறங்கும். நாலாவது முறை வாசிப்பவரின் கால்கள் அதைப் பெடலில் எடுக்கும். போன் ஸ்பீக்கரில் எனக்கு அந்த நாலாவது ஆள் வந்ததே தெரியாது.