எலுமிச்சையும் நான்கு வாத்தியங்களும்

கேள்வி: திறமை குறைவு என்று தெரிந்தபின்னும் இசையைத் தொடர்வதில் பொருள் உண்டா? இதைப் பேசும் ஜப்பானியத் தொடர் ஏதாவது சொல்லுங்களேன். (வாசகி, கும்பகோணம்)

பதில்: 2017-இல் டிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்த ‘குவார்டெட்’ (நால்வர் இசைக்குழு) பாருங்கள். பத்தே பகுதிகள், எழுதியவர் யூஜி சகாமோட்டோ. கருயிசாவா என்ற மலையூரில் இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிய ஒரு வியோலா, உட்கார்ந்து வாசிக்கும் பெரிய ஒரு செல்லோவுடன் நான்கு பேர் ஒரே வீட்டில் தங்கி, உணவகத்தில் வாசிக்கிறார்கள். நால்வருமே முப்பதைத் தாண்டியவர்கள், பெயரெடுக்காதவர்கள்.

முதல் பகுதியில் பொரித்த கோழித் தட்டு வருகிறது. இருவர் யாரையும் கேட்காமல் எல்லாத் துண்டுகள்மீதும் எலுமிச்சையைப் பிழிந்துவிடுகிறார்கள். வியோலாக்காரருக்குக் கோபம்: பிழிந்ததைத் திரும்ப எடுக்க முடியுமா? இந்த அற்பச் சண்டையை நான் மூன்று முறை பார்த்துச் சிரித்திருக்கிறேன். சேர்ந்து வாசிப்பவர்களின் குணம் முழுக்க அதில் இருக்கிறது.

உங்கள் கேள்வி கடைசிப் பகுதியில் அப்படியே வருகிறது. இசையைக் கைவிட்ட யாரோ பெயரில்லாமல் கடிதம் எழுதுகிறார்: உங்கள் வாசிப்பு புகைபோக்கிப் புகை போன்றது, எதற்காகத் தொடர்கிறீர்கள்? நால்வரும் பதில் எழுதுவதில்லை. வம்பு பார்க்க வந்த கூட்டத்தின் முன் மேற்கத்திய இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் இசையை வாசிக்கிறார்கள். யாரோ காலி டப்பாவை வீசுகிறார்கள். பலர் எழுந்து போகிறார்கள். சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதுசரி, உங்களிடம் இருப்பது வீணையா, வயலினா? அதை எழுதவே இல்லையே!