2.5 அங்குல டிஸ்க் எல்லாம் ஒரே அளவா?

ஹற்றனில் வாங்கிய பழைய லெப்டொப்பின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் தரவைச் சேமிக்கும் டிஸ்க்) போடலாமா, 2.5 அங்குலம் என்றால் எல்லாம் ஒன்றுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். லெப்டொப்பில் சாட்டா (டிஸ்க்கைச் செருகும் ஒரு வகை இணைப்பு) இருந்தால் தாராளமாகப் போடலாம். நீள அகலம் ஒன்றுதான், ஏறக்குறைய 100க்கு 70 மில்லிமீட்டர். தடிப்புதான் மாறும்: பழைய ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் 9.5, சாட்டா எஸ்எஸ்டி பெரும்பாலும் 7 மில்லிமீட்டர். மெல்லியது தடித்ததன் இடத்தில் உட்காரும். ஆட்டம் இருந்தால் 2.5 மில்லிமீட்டர் சட்டம் ஒன்றை வையுங்கள். ஆனால் 7 மில்லிமீட்டர் இடத்தில் 9.5ஐத் திணிக்கவே கூடாது, மூடி உடைந்துவிடும்.

மேசைக் கணினியின் 3.5 அங்குல டிஸ்க்கை விட்டுவிடுங்கள். அதன் அகலமே 101.6 மில்லிமீட்டர், 12 வோல்ட் மின்சாரமும் கேட்கும்.

சரி, எஸ்எஸ்டி வாங்கக் கண்டிக்கு பஸ் ஏறுமுன் பழைய டிஸ்க்கின் தடிப்பை அடிமட்டத்தால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.