மலையாளப் படங்களில் ஊரும் பண்பாடும் இவ்வளவு உயிரோடு இருப்பது எப்படி?

நான் குமரி மாவட்டக் கடற்கரைக்காரன். மலையாளம் வாசிக்க வராது, கேட்டால் புரியும். இருபது வருடமாகப் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது இதுதான்: நல்ல மலையாளப் படம் 'கேரளா'வைக் காட்டுவதில்லை. ஒரு பஞ்சாயத்தை, ஒரு தேவாலயப் பங்கை, அதாவது ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த சனங்களைக் காட்டுகிறது.

லிஜோ ஜோஸ் பெல்லிசேரி 2017இல் 'அங்கமாலி டயரீஸ்' எடுத்தார். 86 புதுமுகங்கள். அடுத்த ஆண்டே 'ஈ.ம.யௌ.' வந்தது. இரண்டு படத்தின் ஊரும் எர்ணாகுளம் மாவட்டம்தான், இரண்டிலும் கத்தோலிக்கர்கள்தான். ஆனால் அங்கமாலியில் சுறியானி, அதாவது சிரிய வழிபாட்டு மரபுக் கிறிஸ்தவர்கள், பன்றிக்கறி வியாபாரம், டவுன் பையன்களின் அடிதடி. 'ஈ.ம.யௌ.' எடுக்கப்பட்ட செல்லானத்தில் லத்தீன் கத்தோலிக்கர்கள், கடலை ஒட்டிய வீடு, ராத்திரி முழுக்க அலைச்சத்தம். பேச்சு வேறு, பாட்டு வேறு, சாவு வீட்டில் உட்காரும் விதம்கூட வேறு. இந்த வித்தியாசத்தை மழுப்பாமல் எடுத்ததால்தான் இரண்டும் நிற்கின்றன.

'ஈ.ம.யௌ.' பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எனக்கு அது வெறும் படம் இல்லை. தலைப்பு 'ஈசோ, மறியம், யௌசேப்பு' என்பதன் சுருக்கம். சாகப் போகிறவர் காதில் சொல்லும் ஜெபம். எங்கள் தாத்தா மூச்சு இழுத்துக் கிடந்தபோது ஆச்சி அவர் காதோடு வாய் வைத்து 'சேசு மரி சூசையே' என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அதே மூன்று பெயர்கள். படத்தில் அப்பாவுக்கு ஊரே மெச்சும்படி அடக்கம் செய்வேன் என்று மகன் வாக்குக் கொடுக்கிறான். மெத்ரான் வருவார், பேண்டு வாசிப்பார்கள் என்கிறான். மெத்ரான் என்றால் ஆயர். எங்கள் பழைய ஜெபப் புத்தகத்தில் 'மேற்றிராணியார்' என்று இருக்கும், அதே சொல்தான். அன்று ராத்திரியே அப்பா போய்விடுகிறார். மீதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த அப்பா வாவச்சன் பழைய சவிட்டுநாடகக்காரர். சவிட்டு என்றால் மிதி. பலகை மேடையில் காலால் ஓங்கி மிதித்து ஆடுவார்கள், அந்தச் சத்தமே தாளம். போர்ச்சுகீசியர் காலத்தில் கொச்சி, கொடுங்கல்லூர் கரையில் வளர்ந்த கலை. அதில் பேர்போனது 'காறல்மான் சரிதம்', அதாவது ஐரோப்பாவின் சார்லமேன் ராஜாவின் கதை. அதன் பழைய சுவடிகளில் பெரும்பகுதி தமிழ் கலந்த மொழி என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஆசிரியராகச் சொல்லப்படுபவர் சின்னத்தம்பி அண்ணாவி என்ற தமிழர். எங்கள் கோயில் திருவிழாவில் கூத்து பழக்குகிறவரையும் அண்ணாவி என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பெயரை முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

இப்படி எடுக்க எப்படி முடிகிறது? எழுதுகிறவன் ஊர்க்காரனாக இருக்கிறான். லிஜோ சாலக்குடிக்காரர், ஆனால் 'ஈ.ம.யௌ.'வை எழுதிய பி.எஃப். மேத்யூஸ் கொச்சி லத்தீன் கத்தோலிக்க வாழ்க்கையை நாவல்களில் எழுதியவர். சவிட்டுநாடகம் வரும் ஷாஜி என். கருணின் 'குட்டிஸ்ராங்க்' படத்தையும் ஹரிகிருஷ்ணனோடு சேர்ந்து அவர்தான் எழுதினார். இது இன்றைக்கு வந்த வழக்கமும் இல்லை. 1954இல் 'நீலக்குயில்' எழுத்தாளர் உரூபின் கதை, 1965இல் 'செம்மீன்' எழுத்தாளர் தகழியின் நாவல். வள்ளுவநாட்டுப் பக்கத்து வெளிச்சப்பாட்டின் பட்டினியை 1973இல் 'நிர்மால்யம்' ஆக்கியவர் எம்.டி. வாசுதேவன் நாயர், கதையும் இயக்கமும் அவரே. கோயிலில் அருள்வாக்குச் சொல்கிறவன் வீட்டில் உலை கொதிக்காததை வெளியூர்க்காரன் கற்பனையில் எழுதிவிட முடியாது.

எல்லாப் படமும் அப்படி என்று சொல்ல மாட்டேன். ட்ரோனில் இரண்டு தெய்யம், ஒரு படகுப் போட்டி, வாழையிலைச் சாப்பாடு காட்டிவிட்டு மண்வாசனை என்கிற படங்கள் சமீபத்தில் நிறைய வருகின்றன. எனக்கு அவை சுற்றுலாத் துறை விளம்பரம் மாதிரி இருக்கின்றன, மனசு ஒட்டவில்லை.

பேச்சு வழக்கைத் தனியாகக் கவனியுங்கள். 'ராஜமாணிக்யம்' (2005) மம்மூட்டியின் திருவனந்தபுரம் பேச்சும் 'பிராஞ்சியேட்டன்' (2010) மம்மூட்டியின் திருச்சூர் பேச்சும் இரண்டு வேறு மனிதர்கள். சப்டைட்டிலில் இது மொத்தமும் போய்விடும். மலையாளம் தெரியாவிட்டாலும் காதைத் தீட்டிக் கேளுங்கள், இழுவை புரியும்.

'ஈ.ம.யௌ.'வை அம்மாவுக்குப் போனில் போட்டுக் காட்டினேன். வாவச்சனின் மனைவி பென்னம்மாவாகப் பௌளி வல்சன் நடித்திருக்கிறார், மாநில விருது வாங்கிய நடிப்பு. அவர் ஒப்பாரியை ஆரம்பித்ததும் அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டாள். "மக்களே, நம்ம ஆச்சி வைக்கது மாதிரியில்லா இருக்கு" என்றாள். படம் முடியும்வரை வெங்காயம் மடியிலேயே கிடந்தது.